பெறாமகள் என்ற சொல்

வுப்பர்டாலில் இருக்கும் தமிழர் ஒருவர் தன் பிறப்புப் பதிவையோ கலியாணப் பதிவையோ ஜெர்மன் அலுவலகம் ஒன்றில் கொடுக்க வேண்டி வந்தால், முதலில் யாரிடமாவது பிரபாலினியின் தொலைபேசி எண்ணைக் கேட்பார். நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பதிந்துகொண்ட மொழிபெயர்ப்பாளர் அவள். வீட்டின் சின்ன அறையில் ஒரு மேசை, ஒரு அச்சுப்பொறி, வட்டமான முத்திரை ஒன்று. அவ்வளவுதான் அவளுடைய அலுவலகம். வயது ஐம்பத்திரண்டு. கணவர் டக்ளஸ் பஸ் பணிமனையில் மெக்கானிக்.

அவளைப் பற்றி அங்குள்ள தமிழருக்கு ஒரு முறைப்பாடு உண்டு. கேள்வி அதிகம் கேட்பாள் என்பதுதான் அது. இரண்டு பக்கக் கடதாசியைக் கொண்டுபோனால் அரை மணித்தியாலம் இருத்தி வைத்து விசாரிப்பாள்.

"இதிலை தம்பி எண்டு எழுதியிருக்கு. கூடப்பிறந்த தம்பியோ?"

"ஓம் அக்கா, தம்பிதான்."

"உங்கடை அம்மா பெத்த தம்பியோ?"

வந்தவர் கொஞ்சம் யோசிப்பார். "இல்லை, சின்னம்மான்ரை மகன். ஆனா எனக்குத் தம்பிதானே."

"உங்களுக்குத் தம்பிதான். ஜெர்மன்காரனுக்கு அவர் கசின். இண்டைக்குத் தம்பி எண்டு எழுதிப்போட்டு நாளைக்கு வேறை கடதாசியிலை கசின் எண்டு வந்தா, பொய் சொன்னதெண்டு சொல்லுவாங்கள்."

சின்னம்மாவின் பிள்ளையும் பெரியப்பாவின் பிள்ளையும் தமிழில் சகோதரர். மாமாவின் பிள்ளையும் மாமியின் பிள்ளையும் மச்சான், மச்சாள். ஜெர்மன் மொழியில் இந்த நால்வருக்கும் ஒரே பெயர். இதைத் தெரியாமல் எழுதிய பழைய கடதாசிகள் எத்தனையோ குடும்பங்களில் இருக்கின்றன. 'ஒன்றுவிட்ட அண்ணன்' என்று ஒருவர் கடிதத்தில் எழுதியதை ஏதோ ஒரு கணினி, 'ஒருவரைக் கைவிட்டுப் போன அண்ணன்' என்று மாற்றிக் கொடுத்திருந்தது. அந்தக் கடதாசியும் அவளிடம்தான் திருத்தத்துக்கு வந்தது.

பான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் விவேக் தஞ்சாவூர்ப் பக்கத்தவன். யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டியிருந்தான். மனைவி வீட்டுப் பழைய கடிதங்களை வைத்து அவளுடைய வம்ச விவரத்தை அவன் ஒரு படமாக வரைந்து அனுப்பியிருந்தான். அதில் ஆயிரத்துத் தொளாயிரத்து இரண்டில் பிறந்த ஒருவர், அறுபத்தொன்றில் பிறந்தவருக்குப் பேரப்பிள்ளையாக இருந்தார்.

"மேடம், டேட்ஸ் எல்லாம் ஏதோ தப்பா இருக்கு. எவ்வளவு செக் பண்ணாலும் டேலி ஆகல."

"திகதி எல்லாம் சரி. யாழ்ப்பாணத்திலை அந்த நாளையிலை பேரன் எண்டா தாத்தா. 'என்ரை பேரன்' எண்டு அவர் எழுதினது தாத்தாவைத்தான்."

விவேக் போனிலேயே வெகுநேரம் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் இப்படிப்பட்ட பிழைகளைக் கேட்டுச் சிரிக்கும்போதெல்லாம் அவள் மனதின் ஒரு மூலையில் ஏதோ உறுத்தும். அதற்குக் காரணம் இருந்தது.

பிரபாலினி பதின்மூன்று வயதில், எண்பத்தைந்தில், தாய் தகப்பனோடு ஜெர்மனிக்கு வந்தாள். வேறு சொந்தக்காரர் எவரும் இங்கே இல்லை. வீட்டில் மூன்று பேர். அம்மா, அப்பா என்ற இரண்டு சொற்களுக்கு மேல் உறவுச் சொல் அந்த வீட்டில் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் மொழி அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. பதினாறு வயதிலேயே அயலில் இருந்த தமிழர்களோடு வைத்தியசாலைக்கும் நகரசபைக்கும் போய்க் கதைத்துக் கொடுப்பாள்.

தொண்ணூற்றிரண்டு ஒக்ரோபரில் ஒருநாள் காலை, அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் அலுவலகம் ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது. வழக்கமான மொழிபெயர்ப்பாளருக்குச் சுகமில்லை, விசாரணையைத் தள்ளிவைக்க முடியாது, வர முடியுமா என்று கேட்டார்கள். அப்போது அவளுக்கு இருபது வயது. அம்மாவின் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

விசாரணைக்கு வந்தவர் பெயர் உருத்திரமூர்த்தி. முப்பத்துமூன்று வயது, மெலிந்த ஆள். மடியில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று இருந்தது. பிள்ளை அவருடைய சட்டைப் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பெயர் தர்மிகா.

இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்டார். பிரபாலினி தமிழில் கேட்டாள்.

"இது என்ரை பெறாமகள்," என்றார் உருத்திரமூர்த்தி.

அந்தச் சொல்லை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. பெறாத மகள். பெறவில்லை, ஆனால் மகள். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். திரும்பக் கேட்டால் தமிழ் தெரியாத பிள்ளை என்று நினைப்பார்களோ என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. சொல்லை இரண்டாகப் பிரித்து அப்படியே ஜெர்மன் மொழியில் சொன்னாள்: மகள், ஆனால் 'லைப்லிஷ்' அல்லாத மகள். உடலால் பிறக்காத மகள் என்று அர்த்தம். சட்டக் கடதாசிகளில் அது கனமான சொல். தத்துப் பிள்ளைக்கும் மறுதாரத்துப் பிள்ளைக்கும் பாவிப்பது.

அதிகாரி தத்தெடுத்த பத்திரம் எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றார் உருத்திரமூர்த்தி. பிள்ளையின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் நடேசன் என்று இருந்தது. அவருடைய கடவுச்சீட்டில் நாகமுத்து உருத்திரமூர்த்தி. எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால் வருகிறது. அதிகாரியின் கணக்கில் முன்னால் இருப்பது ஒரு குடும்பப் பெயர். அப்படிப் பார்த்தால் இந்த இருவருக்கும் பொதுவான பெயர் எதுவும் இல்லை. அவர் ஏதோ நெடுநேரம் எழுதினார். ஒரு மணித்தியாலத்தில் விசாரணை முடிந்தது. பிரபாலினி கையெழுத்து வைத்துவிட்டு ரயில் ஏறி வீட்டுக்கு வந்தாள். நன்றாகச் செய்ததாகவே அவளுக்குப் பட்டது.

இரண்டு வருடம் கழித்து டுசல்டோர்ஃபில் ஒரு கலியாண வீடு. பந்தியில் பக்கத்தில் இருந்த பெண் ஒரு சின்னப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இவள் என்ரை பெறாமகள். தங்கச்சியின்ரை மூத்தவள்," என்றாள்.

பிரபாலினியின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"தங்கச்சியின்ரை மகளையோ பெறாமகள் எண்டு சொல்லுறது?"

"ஓம். பொம்பிளையளுக்குத் தங்கச்சி அக்காவின்ரை பிள்ளையள், ஆம்பிளையளுக்கு அண்ணன் தம்பியின்ரை பிள்ளையள். உமக்குத் தெரியாதே?"

திங்கட்கிழமை அவள் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். கோப்பு வேறு இடத்துக்குப் போய்விட்டது, எண் இல்லாமல் தேட முடியாது என்றார்கள். அவளிடம் எண் இல்லை. எப்படியும் இந்நேரம் சரியாகியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி எடுக்கவில்லை.

ஆனால் அன்றிலிருந்து உறவுச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினாள். பூட்டன், அம்மான், சகலன், ஒன்றுவிட்ட சகோதரம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதைச் சொல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. பதினொரு வருடம் வெதுப்பகம் ஒன்றில் வேலை செய்துகொண்டே படித்துப் பரீட்சை எழுதினாள். இரண்டாயிரத்தைந்தில் நீதிபதி முன்னால் சத்தியம் செய்தாள்.

போன வருடம், இரண்டாயிரத்து இருபத்துநான்கு மார்ச்சில், பானிலிருந்து ஒரு பெண் சந்திக்க நேரம் கேட்டு எழுதினாள். நேரில் வந்தபோது நீலக் கோப்பு ஒன்றை மேசையில் வைத்தாள். முப்பத்தேழு வயது. மறுவாழ்வு மையம் ஒன்றில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுப்பவள். தமிழ் சரளமாகக் கதைத்தாள், ஆனால் கையெழுத்தை வாசிக்க அவளுக்கு ஏலாது.

"என்னோடை வேலை செய்யிற ஒரு ஜெர்மன்காரி தன்ரை பரம்பரையைத் தேடுறா, அக்கா. தேவாலயப் பதிவெல்லாம் பாத்து முந்நூறு வருசத்துக்கு எழுதி வைச்சிருக்கிறா. என்னட்டை ரெண்டு வரிதான் இருக்கு. என்னை வளத்த சித்தப்பா போன வருசம் காலமாயிட்டார். கேக்கவும் ஆள் இல்லை. அதுதான் யூகன்ட்அம்டிலை என்ரை பழைய கோப்பைக் கேட்டு எடுத்தனான்."

யூகன்ட்அம்ட் என்பது சிறுவர் நலத்தைப் பார்க்கும் நகர அலுவலகம். அங்கே இவளுக்கு ஏன் கோப்பு இருக்கிறது என்று பிரபாலினி கேட்டாள்.

"நான் ஏழு மாசம் அநாதைப் பிள்ளையளின்ரை விடுதியிலை இருந்தனான். அஞ்சு வயசிலை. சித்தப்பா என்னைக் குடுத்திட்டார். பிறகு மனம் மாறி எடுத்திட்டார்." அதைப் பலமுறை தனக்குள் சொல்லிப் பழகியவள்போல் அவள் சொன்னாள். "அவர் நல்லாத்தான் பாத்தவர். கலியாணமும் கட்டேல்லை. ஆனா அதை நான் ஒருநாளும் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை. இப்ப கோப்பிலை இருக்கு. அவரே சொல்லியிருக்கிறார், நான் தன்ரை பிள்ளை இல்லை எண்டு."

கோப்பைத் திறந்து முதல் தாளைத் திருப்பிக் காட்டினாள். விசாரணைக் குறிப்பின் பிரதி. நடுவில் ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். 'அழைத்து வந்த பெண்குழந்தை தன்னுடைய லைப்லிஷ் மகள் அல்ல என்று விண்ணப்பதாரி கூறுகிறார்.'

பிரபாலினி திகதியைப் பார்த்தாள். அடியில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் இருந்தது: சபாநாதன். அது அவளுடைய அப்பாவின் பெயர். கலியாணத்துக்கு முன் அவளுடைய குடும்பப் பெயராக இருந்தது. இப்போது வாசல் மணியிலும் முத்திரையிலும் டக்ளஸ் என்றுதான் இருக்கிறது.

"இந்தத் தாள் எனக்கு விளங்கும்," என்றாள் தர்மிகா. "விளங்காதது பின்னாலை இருக்கிறதுதான்."

பின்னால் எட்டுக் கடிதங்கள் இருந்தன. எல்லாம் தமிழில், ஒரே கையெழுத்தில். ஒவ்வொன்றின் மேலும் அலுவலகத்தின் திகதி முத்திரை. பக்கத்தில் யாரோ ஜெர்மன் மொழியில் சின்னதாக எழுதியிருந்தார்: 'அந்நிய மொழி. மொழிபெயர்க்கப்படவில்லை.'

பிரபாலினி முதல் கடிதத்தின் இரண்டு வரியை மனதுக்குள் வாசித்தாள். அதற்கு மேல் அவளால் அந்தப் பெண்ணின் முன்னால் வாசிக்க முடியவில்லை. ஒரு கிழமை அவகாசம் தாருங்கள் என்று கேட்டாள். தர்மிகா பிரதிகளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை டக்ளஸ் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பிரபாலினி கதவடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு இது புதிது. முப்பது வருடத்தில் ஒருநாளும் அவள் அவரிடம் இதைச் சொன்னதில்லை.

"பேர் மாறியிருக்கு. அந்தப் பிள்ளைக்குத் தெரியாது தானே," என்றார் அவர்.

"தெரியாது."

"அப்ப கடிதங்களை ஒழுங்கா மொழிபெயர்த்துக் குடும். சொல்லுக்கு என்ன அர்த்தம் எண்டும் விளங்கப்படுத்தும். அந்தப் பிள்ளைக்குத் தேவையானது அதுதான். ஆர் பிழைவிட்டது எண்டு தெரிஞ்சு அவவுக்கு என்ன வரப்போகுது?"

"ஆர் எண்டு அவ கேட்டா?"

"கேக்காட்டி?"

டக்ளஸ் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"இதை எழுத்திலை குடுத்தீர் எண்டா நீதிமன்றத்துக்கு முறைப்பாடு போகலாம். உம்மடை பேரைப் பதிவிலை இருந்து எடுத்துப்போடுவாங்கள். இருபது வருச உழைப்பு. நான் பயத்திலை சொல்லுறன், பிரபா. வேறை ஒண்டுக்குமில்லை."

"எனக்கும் பயம்தான்," என்றாள் அவள்.

அந்தக் கிழமை முழுவதும் எட்டுக் கடிதங்களையும் மொழிபெயர்த்தாள். உருத்திரமூர்த்தி அதிகம் படித்தவர் இல்லை. எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு கடிதத்தையும் கோடு போட்ட தாளில், ஓரம் விட்டு, கவனமாக எழுதியிருந்தார். மூன்றாவது கடிதம் இப்படி இருந்தது:

'கனம் ஐயா அவர்களுக்கு. தர்மிகா என்னுடைய பெறாமகள். என் தமையன் நடேசனின் ஒரே பிள்ளை. தமையனும் அண்ணியும் ஒரே நாளில் குண்டு விழுந்து செத்துப்போனார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவளுக்கு நான் சித்தப்பா. எங்கள் ஊரில் சித்தப்பாவிடம் பிள்ளையைப் பறிக்கமாட்டார்கள். நீங்கள் ஏன் பறித்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் என்ன பிழையாகச் சொன்னேன் என்று சொன்னால் திருத்திச் சொல்லுவேன். பிள்ளைக்கு பிளேன் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். அப்போது இழுத்து எடுக்கவேண்டாம் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் நிலத்தில் இருந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் தானாக வருவாள். தலைமுடியை வெட்டவேண்டாம். அவளுடைய தாய்க்கு அந்த முடி விருப்பம்.'

ஆறாவது கடிதத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு பாதிரியாருக்கு எழுதியிருப்பதாகவும், தன்னுடையதும் தமையனுடையதுமான பிறப்புப் பதிவுகளை அவர் எடுத்து அனுப்புவார் என்றும், இரண்டிலும் தகப்பன் பெயர் நாகமுத்து என்று இருப்பதைப் பார்த்தால் விளங்கும் என்றும் எழுதியிருந்தார். பதிவுகள் வந்துசேர ஏழு மாதம் எடுத்திருந்தது. அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்து, அவரைப் பாதுகாவலராக நியமித்திருந்தார்கள்.

தர்மிகா மறுபடி வந்த அன்று வெளியே மழை. பிரபாலினி தேத்தண்ணி போட்டு வைத்தாள். கடிதங்களை எடுத்துக் கொடுக்கவில்லை.

"முதல் ஒண்டு சொல்லவேணும். அதைக் கேட்டிட்டுப் பிறகு வாசியுங்கோ," என்றாள். "அவர் உங்களைத் தன்ரை பிள்ளை இல்லை எண்டு சொல்லேல்லை. பெறாமகள் எண்டு சொன்னவர். பெறாமகள் எண்டா சொந்தத் தமையன்ரை பிள்ளை. அதை உங்கடை கோப்பிலை பிழையா மாத்தினது சபாநாதன் எண்டு ஒரு ஆள். அது என்ரை தகப்பன் பேர். அண்டைக்கு அந்தக் கதிரையிலை இருந்தது நான்தான்."

தர்மிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்ப இருபது வயசு. அந்தச் சொல் தெரியாது. தெரியாதெண்டு சொல்ல வெக்கப்பட்டன்."

"பிழை எண்டு எப்ப தெரியும்?"

இதைக் கேட்பாள் என்று பிரபாலினி எதிர்பார்த்திருந்தாள்.

"தொண்ணூற்றி நாலிலை. ஒருக்கா அலுவலகத்துக்குப் போன் எடுத்தனான். பிறகு விட்டிட்டன். உங்களை விடுதிக்கு அனுப்பினது எனக்குத் தெரியாது. ஆனா தேடிப் பாத்திருக்கலாம். பாக்கேல்லை."

தர்மிகா சன்னல் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"விடுதியைப் பற்றி நான் சொல்லேல்லை, அக்கா. ஏழு மாசம் போனது போனதுதான். அவரோடை முப்பது வருசம் ஒரே வீட்டிலையும் ஒரே ஊரிலையும் இருந்தனான். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் நினைப்பன், இவர் என்னை ஒருக்கா வேண்டாமெண்டு சொன்னவர் எண்டு. அவருக்கு முன்னாலை நல்ல பிள்ளையா நடிச்சுக்கொண்டே இருந்தனான், திரும்பவும் குடுத்திடுவார் எண்டு. ஆரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவர் இருக்கேக்கை நான் கேட்டிருப்பன்."

பிரபாலினி கடிதங்களையும் மொழிபெயர்ப்பையும் மேசையில் வைத்தாள். தர்மிகா அவற்றைக் கோப்புக்குள் செருகி, மழைக்கோட்டுக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு எழுந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை. போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்த கிழமை பிரபாலினி யூகன்ட்அம்டுக்கு ஒரு கடிதம் எழுதினாள். இன்ன திகதியில் இன்ன விசாரணையில் மொழிபெயர்த்தவள் தான் என்றும், அந்தச் சொல்லின் சரியான அர்த்தம் உடன்பிறந்தவனின் மகள் என்றும், விண்ணப்பதாரி அன்று சொன்னது முழு உண்மை என்றும், தவறு தன்னுடையது என்றும் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்து வைத்தாள். ஒரு பிரதியைத் தன்னைப் பதிந்து வைத்திருக்கும் நீதிமன்றத்துக்கும் அனுப்பினாள். டக்ளஸ்தான் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

நீதிமன்றத்திலிருந்து ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. தவறு நடந்தது அவள் சத்தியம் செய்வதற்குப் பல வருடங்களுக்கு முன் என்பதால் மேல்நடவடிக்கை இல்லை என்று நான்கு வரி. நகர அலுவலகம், அவளுடைய கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டுவிட்டது என்று ஒரே வரியில் எழுதியது. டக்ளஸ் இரண்டையும் வாசித்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். அன்று அவர்தான் சமைத்தார்.

தர்மிகாவிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. ஏப்ரல் போனது, மே போனது. மற்ற வேலைகள் வந்தன. ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும் பிரபாலினி எண்ணைப் பார்ப்பாள். தானாக எழுத அவளுக்குத் துணிவு வரவில்லை. எழுதினால் மன்னிப்பைக் கேட்டு வாங்குவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாள்.

யூலை கடைசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'அந்த விடுதி இருந்த வீட்டைக் கண்டுபிடிச்சிட்டன். வுப்பர்டாலுக்கு வெளியிலை. ஞாயிற்றுக்கிழமை போறன். தனியப் போக விருப்பமில்லை. நீங்கள் வருவீங்களோ?'

பிரபாலினி ஓம் என்று எழுதினாள்.

நகரத்தின் விளிம்பில், பஸ் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிட நடை. சிலேட் பலகை பதித்த பெரிய பழைய வீடு. இப்போது அது ஒரு சங்கீதப் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஏதோ கச்சேரிக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பொறுப்பாக இருந்த பெண்மணி விஷயத்தைக் கேட்டுவிட்டு, எல்லா அறையையும் பாருங்கள் என்று விட்டுவிட்டாள்.

தர்மிகா மாடிப்படியை அடையாளம் கண்டுகொண்டாள். படுக்கையறை எது என்று அவளுக்கு நிச்சயமில்லை. கீழே பெரிய அறைக்குள் போனதும் நின்றாள்.

"இது சாப்பாட்டு அறை. நீளமான மேசை ஒண்டு இருந்தது." அவள் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். "மேசைக்குக் கீழை இருந்து என்னை இழுத்தது ஞாபகம் இருக்கு. காலைப் பிடிச்சு. கெட்ட மனிசி இல்லை அவ. சாப்பாடு ஆறுதெண்டு இழுத்தவ."

பிரபாலினி சுவரோடு நின்றாள். அழக்கூடாது என்று நினைத்தாள். இது தன்னுடைய அழுகைக்கான இடம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து அறையில் யாரோ செலோவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

"முடியையும் வெட்டிப்போட்டினம்," என்றாள் தர்மிகா. "சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்த அண்டைக்கு என்ரை தலையைப் பாத்திட்டு அழுதவர். நான் நினைச்சன், என்னைத் திரும்ப எடுக்கிறது அவருக்குக் கவலை எண்டு."

"தர்மிகா, நான் செய்த பிழைக்கு..."

"பொறுங்கோ அக்கா." அவள் கையை உயர்த்தினாள். "மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல இண்டைக்கு எனக்கு ஏலாது. பிறகு ஏலுமோ தெரியேல்லை. ஆனா நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா எனக்குத் தெரிய வந்திருக்காது. கடிதங்களை மட்டும் தந்திருக்கலாம். அதை நான் யோசிச்சனான். இந்த நாலு மாசமும் அதைத்தான் யோசிச்சனான்."

திரும்பும் வழியில் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுத்தத்தின் பலகையில் இருவரும் இருந்தார்கள். தர்மிகா கைப்பையிலிருந்து இரண்டு சிற்றுண்டிப் பொதிகளை எடுத்து ஒன்றை நீட்டினாள். சாப்பிட்டுக்கொண்டே கைபேசியில் தான் செய்துகொண்டிருக்கும் வம்சப் படத்தைத் திறந்து காட்டினாள். வேலையிடத்துத் தோழி பாவிக்கும் அதே செயலி. நாகமுத்துவுக்குக் கீழே இரண்டு பெட்டிகள், நடேசன், உருத்திரமூர்த்தி. நடேசனுக்குக் கீழே தர்மிகா.

"சித்தப்பாவை எனக்குப் பக்கத்திலை என்னெண்டு போடுறது எண்டு இது கேக்குது. அங்கிள், வளர்ப்புத் தகப்பன், பாதுகாவலர். மூண்டிலை ஒண்டைத் தெரிவு செய்யட்டாம். அங்கிள் எண்டு போட்டா அம்மாவின்ரை சகோதரம் மாதிரியும் இருக்கு."

"கீழை 'வேறு' எண்டு ஒண்டு இருக்கும், பாருங்கோ. அதிலை நீங்களே எழுதலாம்."

தர்மிகா தேடிப் பார்த்தாள். இருந்தது. ஜெர்மன் எழுத்தில் 'சித்தப்பா' என்று தட்டினாள். செயலி அதை ஏற்றுக்கொண்டது.

"அம்மாவின்ரை பக்கம் ஒண்டுமே இல்லை," என்றாள் பிறகு. "அவவின்ரை பேரைத் தவிர வேறை ஒண்டும் தெரியாது. கோப்பிலை 'தாய், மரணம்' எண்டு மட்டும் இருக்கு. எங்கை தொடங்கிறது?"

"உங்கடை அப்பா அம்மாவின்ரை கலியாணப் பதிவிலை இருந்து தொடங்கலாம். அதிலை பொம்பிளையின்ரை தகப்பன் பேர், ஊர், சாட்சிகள் எல்லாம் இருக்கும். யாழ்ப்பாணத்திலை பதிவாளர் கந்தோருக்கு எழுதவேணும். கடிதத்தை நான் எழுதித் தாறன்."

"நீங்கள்தான் எழுதவேணும் எண்டு இல்லை, அக்கா. வேறை ஆக்களிட்டையும் கேக்கலாம்."

"ஓம், கேக்கலாம்."

பஸ் வளைவில் தெரிந்தது. தர்மிகா எழுந்து சிற்றுண்டி சுற்றியிருந்த தாளைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"நீங்களே எழுதுங்கோ," என்றாள்.

கடிதம் ஓகஸ்டில் போனது. ஒக்ரோபரில் பதிவின் பிரதி வந்தது. தாயின் பெயர் இராஜேஸ்வரி, தாயின் தகப்பன் பெயர் கனகரத்தினம், ஊர் புலோலி. சாட்சிக் கையெழுத்து வைத்தவர்களில் ஒருவர் மணப்பெண்ணின் தமையன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று இன்னும் தெரியவில்லை. ஊரில் விசாரிக்க ஆள் பிடித்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை தர்மிகா பானிலிருந்து ரயிலில் வருகிறாள். வந்தால் டக்ளஸ் மீன் குழம்பு வைப்பார். இப்போதெல்லாம் அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறாள்.